மூலை திரும்பும் டிரில்

சமையலறை கப்போர்டு ஒன்றின் அகலம் 300 மி.மீ. இரண்டு பக்கமும் 18 மி.மீ. பிளைவுட்டைக் கழித்தால் உள்ளே மிஞ்சுவது 264 மி.மீ. இந்தப் பெட்டியைப் பக்கத்துப் பெட்டியோடு பிணைக்க, உள்ளிருந்தபடி 35 மி.மீ. ஸ்க்ரூவை முடுக்க வேண்டும். தச்சரின் கையில் உள்ள பேட்டரி டிரில், பிட்டைக் கவ்வும் சக்கின் முனையிலிருந்து முதுகு வரை 190 மி.மீ. நீளம். சக்குக்கு வெளியே நிற்கும் பிட் ஹோல்டர் 60 மி.மீ. அதன் நுனியில் ஸ்க்ரூ. மூன்றையும் கூட்டினால் 285 மி.மீ. இடம் 21 மி.மீ. பற்றவில்லை. மெஷினின் முதுகில் கை வைத்துத் தள்ளவும் வழியில்லை.

இப்படி மாட்டிக்கொள்ளும்போது பலரும் மெஷினைச் சாய்த்துப் பிடித்து ஸ்க்ரூவை ஏற்றப் பார்க்கிறார்கள். ஸ்க்ரூ கோணலாக இறங்குகிறது. தலை பலகையோடு படியாமல் ஒரு பக்கம் துருத்துகிறது. பிட் நழுவி, ஸ்க்ரூவின் ஸ்டார் வாய் மழுங்கிப் போகிறது. அதற்குப் பிறகு அதைக் கழற்றுவதே பெரிய வேலையாகிவிடும்.

டிரில்லின் மூக்கில் மாட்டிக்கொண்டு சுழற்சியை 90 டிகிரி திருப்பிவிடும் சின்னத் துணைக்கருவி ஒன்று இந்தச் சிக்கலைத் தீர்க்கிறது. ஹார்டுவேர் கடைகளில் 'ரைட் ஆங்கிள் அடாப்டர்' என்று கேட்டால் எடுத்துத் தருவார்கள். சில நூறு ரூபாயிலும் உண்டு; பல ஆயிரம் ரூபாயிலும் உண்டு. பார்வைக்கு எல்லாம் ஏறக்குறைய ஒன்றுபோலவே இருக்கும். ஆனால் ஒன்று ஆண்டுக்கணக்கில் உழைக்கும். இன்னொன்று சில ஸ்க்ரூக்களிலேயே பல் உடைந்து வெறுமனே சுற்றும். இந்த வேறுபாட்டுக்குக் காரணம், உள்ளே கண்ணுக்குத் தெரியாமல் உட்கார்ந்திருக்கும் இரண்டு பற்சக்கரங்கள். அவற்றின் கணக்கைப் புரிந்துகொண்டவர் கடையில் ஏமாறமாட்டார்.

டிரில் நீளமாகவே பிறந்தது

1889இல் ஆஸ்திரேலியாவின் மெல்போர்ன் நகரில் ஆர்தர் ஜேம்ஸ் ஆர்னாட், வில்லியம் பிளாஞ்ச் பிரெயின் ஆகிய இருவரும் மின்சாரத் துளைக் கருவிக்குக் காப்புரிமை பெற்றனர். 1895இல் ஜெர்மனியின் ஸ்டுட்கார்ட் நகரில் ஃபைன் நிறுவனம், கையில் தூக்கிச் செல்லக்கூடிய மின் டிரில்லைச் செய்தது. இன்று எல்லோருக்கும் பழகிப்போன துப்பாக்கிப் பிடியும் விரலால் அழுத்தும் சுவிட்சும் அமெரிக்காவின் பிளாக் அண்ட் டெக்கர் நிறுவனம் கொண்டுவந்தவை. அந்த வடிவத்துக்கு 1917இல் காப்புரிமை கிடைத்தது.

நூறாண்டைத் தாண்டியும் அடிப்படை அமைப்பு மாறவில்லை. பின்னால் மோட்டார், அதற்கு முன்னால் வேகத்தைக் குறைக்கும் கியர், அடுத்து கிளட்ச், கடைசியில் சக். எல்லாம் ஒரே நேர்கோட்டில் நிற்கின்றன. விசை வீணாகாமல் நேரே போகிறது. அழுத்தும் கையும் துளையும் ஒரே கோட்டில் இருப்பதால் துளையும் நேராக விழுகிறது. ஆனால் நான்கு உறுப்புகளை வரிசையாக அடுக்கினால் நீளம் கூடத்தான் செய்யும். மோட்டார்கள் சிறுத்ததால் அண்மைக் காலத்தில் இந்த நீளம் குறைந்திருக்கிறது. என்றாலும் பிட்டின் நீளத்தையும் சேர்த்தால், கப்போர்டுக்குள்ளும் வாஷ்பேசின் அடியிலும் பரணின் மூலையிலும் நேர் டிரில் திணறவே செய்கிறது.

பல் மருத்துவர் முந்திக்கொண்டார்

குறுகிய இடத்தில் துளையிடும் சிக்கலைத் தச்சர்களுக்கு முன்பே எதிர்கொண்டவர்கள் பல் மருத்துவர்கள். கடைவாய்ப் பல்லின் மேற்பரப்பை நேரான கருவியால் எட்ட முடியாது. அமெரிக்கப் பல் மருத்துவர் ஜேம்ஸ் மாரிசன் 1871இல் காலால் மிதித்து இயக்கும் துளைப் பொறிக்குக் காப்புரிமை பெற்றார். 1875இல் ஜார்ஜ் கிரீன் மின்சாரத்தால் இயங்கும் பல் துளைக் கருவிக்குக் காப்புரிமை பெற்றார். இத்தகைய பொறிகளின் கைப்பிடியில் கோணத் தலையைப் பொருத்தி, சுழற்சியைத் திருப்பி, வாயின் ஆழம் வரை கொண்டுபோனார்கள்.

பிறகு இன்னொரு வழியும் திறந்தது. நியூசிலாந்தின் ஜான் வால்ஷ் 1949இல் காற்றால் சுழலும் பல் துளைக் கருவிக்குக் காப்புரிமை பெற்றார். 1957இல் அமெரிக்காவின் ஜான் போர்டன் கொண்டுவந்த 'ஏரோட்டர்' நிமிடத்துக்குச் சுமார் 3 லட்சம் சுற்றுச் சுற்றியது. இதில் காற்றுச் சக்கரமே தலைக்குள் அமர்ந்திருக்கிறது. சுழற்சி அங்கேயே பிறப்பதால் அதைத் திருப்பக் கியர் தேவையில்லை. மின்மோட்டாரால் இயங்கும் இன்றைய பல் மருத்துவக் கருவிகளில் கோணத் தலை தொடர்கிறது. மோட்டாரின் 40,000 சுற்றை அது 2 லட்சமாகப் பெருக்கித் தருகிறது.

அவ்வளவு சின்னத் தலை அவ்வளவு வேகத்தைத் தாங்குமானால், தச்சரின் அடாப்டருக்கு மட்டும் ஏன் பல் உடைகிறது? வேகத்தையும் முறுக்குவிசையையும் பிரித்துப் பார்த்தால் விடை கிடைக்கும். திறன் என்பது இவை இரண்டின் பெருக்கல். 2 லட்சம் சுற்றில் 20 வாட் திறனைக் கடத்தும் தலை சுமப்பது வெறும் 0.001 நியூட்டன் மீட்டர் முறுக்குவிசை. மரத்தில் தடித்த ஸ்க்ரூவை இறுக்கும் டிரில் மெதுவாகச் சுற்றுகிறது. ஆனால் கடைசித் திருகலில் அதன் முறுக்குவிசை 10 நியூட்டன் மீட்டரைத் தொடலாம். பத்தாயிரம் மடங்கு அதிகம். பற்சக்கரத்தின் பல்லை உடைப்பது முறுக்குவிசைதான்.

கட்டட வேலையில் எல்லோரும் பார்க்கும் ஆங்கிள் கிரைண்டரும் இதற்குச் சான்று. ஜெர்மனியின் ஆக்கர்மான் அண்ட் ஷ்மிட் நிறுவனம் 1954இல் கொண்டுவந்த இந்த மெஷினின் தலையிலும் சுழற்சி 90 டிகிரி திரும்புகிறது. 700 வாட் கிரைண்டர் நிமிடத்துக்கு 11,000 சுற்றில் அந்தத் திறன் முழுவதையும் செலவிட்டாலும் வட்டில் உணரும் முறுக்குவிசை 0.6 நியூட்டன் மீட்டர்தான். உள்ளங்கைக்குள் அடங்கும் அடாப்டரோ அதைப் போலப் பல மடங்கு முறுக்கைச் சுமக்கிறது.

சுழற்சி எப்படித் திரும்புகிறது?

சுழலும் தண்டை வளைக்க மூன்று வழிகள் உண்டு. முதலாவது, லாரியின் அடியில் ஓடும் நீண்ட தண்டில் காணப்படும் யுனிவர்சல் ஜாயின்ட். சிறு கோணங்களுக்கு இது அருமையானது. கோணம் கூடக் கூட ஒரு குறை தலைகாட்டும். உள்ளே வரும் தண்டு சீராகச் சுற்றினாலும் வெளியே போகும் தண்டு ஒவ்வொரு சுற்றிலும் இருமுறை வேகம் கூடி, இருமுறை குறையும். 45 டிகிரி கோணத்தில் வேகம் 0.71 மடங்குக்கும் 1.41 மடங்குக்கும் இடையே ஏறி இறங்கும். 90 டிகிரியை எட்டினால் சுழற்சி கடத்தப்படவே படாது. ஆகவே செங்கோணத்துக்கு இது உதவாது.

இரண்டாவது, வளையும் தண்டு. எஃகுக் கம்பிகளை அடுக்கடுக்காகச் சுற்றிச் செய்த கயிறு ஒன்று உறைக்குள் சுழலும். எப்படி வேண்டுமானாலும் வளைத்து எந்தப் பொந்துக்குள்ளும் நுழைக்கலாம். ஆனால் முறுக்கு கூடினால் கயிறு முதலில் தன்னையே முறுக்கிக்கொண்டு, பிறகு சட்டென்று விடுவித்துக்கொள்ளும். ஹோஸ் கிளிப்பை இறுக்க, சின்ன ஸ்க்ரூவைத் தொட்டுவைக்க இது போதும். மரத்தைத் துளைக்கப் போதாது.

மூன்றாவது வழி பெவல் கியர். கூம்பின் மேல் வெட்டிய பற்களைக் கொண்ட இரண்டு சக்கரங்கள் ஒன்றையொன்று கடித்துச் சுழல்கின்றன. இரண்டு கூம்புகளின் கூர்முனைகளும் ஒரே புள்ளியில் சந்திக்கும்படி அமைத்தால் பற்கள் வழுக்காமல் உருளும். வேகமும் ஏற்ற இறக்கமின்றிக் கடக்கும். கூம்பில் ஒழுங்காகப் பல் வெட்டுவது எளிதான வேலை இல்லை. அமெரிக்காவின் ராசெஸ்டர் நகரில் வில்லியம் கிளீசன் 1874இல் உருவாக்கிய இயந்திரம்தான் பெவல் கியரைத் தொழிற்சாலைப் பொருளாக்க வழி திறந்தது. கார், லாரியின் பின்னச்சில் இன்ஜினின் சுழற்சியைச் சக்கரத்தின் பக்கம் திருப்பிவிடுவதும் இந்தக் குடும்பத்துக் கியர்தான்.

அடாப்டரில் பெரும்பாலும் இரண்டு கியருக்கும் பற்களின் எண்ணிக்கை சமம். எனவே வேகமும் முறுக்குவிசையும் மாறுவதில்லை. திசை மட்டும் திரும்புகிறது. இரண்டாவது கியரைத் தலையின் எந்தப் பக்கம் வைப்பது என்பதிலும் ஒரு நுட்பம் உண்டு. பிட் இருக்கும் பக்கத்தில் வைத்தால் டிரில் வலமாகச் சுற்றும்போது பிட்டும் வலமாகவே சுற்றும். எதிர்ப்பக்கம் வைத்தால் ஸ்க்ரூ இறுகுவதற்குப் பதில் கழன்று வரும்.

சிறிய தலைக்குக் கொடுக்கும் விலை

இங்கேதான் தேர்வின் சூட்சுமம் இருக்கிறது. குறுகிய இடத்துக்காக வாங்கும் கருவி என்பதால் தலை எவ்வளவு சிறிதோ அவ்வளவு நல்லது என்று தோன்றும். ஆனால் தலையைச் சிறிதாக்கினால் உள்ளே இருக்கும் கியரும் சிறிதாகும்.

பல்லின் மேல் விழும் விசை என்பது முறுக்குவிசையைக் கியரின் ஆரத்தால் வகுத்தால் கிடைப்பது. 8 மி.மீ. ஆரமுள்ள கியர் 10 நியூட்டன் மீட்டர் முறுக்கைக் கடத்தும்போது பல்லில் விழுவது 1,250 நியூட்டன். ஏறத்தாழ 127 கிலோ எடை, அரிசி மணி அளவுள்ள ஒரு பரப்பில். அதே கியரில் 30 நியூட்டன் மீட்டரைச் செலுத்தினால் 380 கிலோவுக்கு மேல் போய்விடும். ஆரத்தைப் பாதியாக்கினால் இந்த எண்கள் இரு மடங்காகும். ஆரம் குறையும்போது பல்லின் தடிமனும் சேர்ந்தே குறையும். 12 வோல்ட் பேட்டரி டிரில்களிலேயே 30 நியூட்டன் மீட்டர் தருபவை சாதாரணம். 18 வோல்ட் மெஷின்கள் 50, 60 என்று போகின்றன. டிரில்லால் கொடுக்க முடிவதை அடாப்டரால் வாங்கிக்கொள்ள முடியாமல் போவது இப்படித்தான்.

ஆகவே அட்டைப் பெட்டியில் முதலில் தேட வேண்டியது, அது தாங்கும் உச்ச முறுக்குவிசை. அந்த எண்ணே அச்சிடப்படாத அடாப்டரை இலகுவான வேலைகளுக்கு மட்டுமே நம்பலாம். டிரில்லின் கழுத்தில் எண்கள் போட்ட வளையம் இருக்கிறதே, அந்த கிளட்ச் இங்கே காவலன். குறிப்பிட்ட முறுக்கைத் தாண்டினால் அது நழுவிச் சடசடவென ஒலி எழுப்பும். அடாப்டரை மாட்டும்போதெல்லாம் வளையத்தைக் குறைந்த எண்ணில் வைத்து, ஸ்க்ரூ முழுமையாக இறங்காவிட்டால் மட்டும் ஒவ்வொன்றாகக் கூட்டுவது பற்களின் ஆயுளைக் காக்கும். துளைக் குறியில் வைத்தால் கிளட்ச் விலகிக்கொள்ளும். மெஷினின் முழு முறுக்கும் அடாப்டரின் தலையில் இறங்கும்.

முறுக்குவிசையைக் குறைக்க மரத்தின் பக்கமிருந்தும் வழி இருக்கிறது. ஸ்க்ரூ போகும் இடத்தில் முன்கூட்டியே மெல்லிய துளை ஒன்றைப் போடுவதும், ஸ்க்ரூவின் மரையில் மெழுகு தடவுவதும் உராய்வைக் கணிசமாகக் குறைக்கும்.

சக்கா, அறுகோண வாயா?

அடாப்டர்களில் பரவலானது அறுகோண வாய் கொண்டது. கால் அங்குல, அதாவது 6.35 மி.மீ. அறுகோணத் தண்டுள்ள பிட்டுகள் இதில் நேராகப் பொருந்தும். உள்ளே ஒரு காந்தம் பிட்டைப் பிடித்துக்கொள்ளும். சக் இல்லாததால் தலை குட்டையாக இருக்கும். கப்போர்டு, கீல், டிராயர் சேனல் என்று ஸ்க்ரூ வேலையே அதிகம் உள்ளவருக்கு இதுவே போதும். 25 மி.மீ. குட்டை பிட்டை மாட்டினால், தொடக்கத்தில் சொன்ன 264 மி.மீ. பெட்டிக்குள் தலையும் பிட்டும் ஸ்க்ரூவும் சேர்ந்து பாதி இடத்தைக்கூட அடைப்பதில்லை. துளை போடவும் அறுகோணத் தண்டுள்ள டிரில் பிட்டுகள் கிடைக்கின்றன. ஆனால் வாய்க்கும் தண்டுக்கும் இடையே சிறு தளர்வு இருப்பதால் பிட் லேசாகத் தள்ளாடும். துளை கொஞ்சம் அகலமாக விழுந்தாலும் பரவாயில்லை என்ற இடத்துக்கு மட்டுமே இது சரி.

அளவு பிசகாமல் துளை வேண்டுமென்றால், மூன்று தாடைகளால் பிட்டைக் கவ்வும் சக் பொருத்திய அடாப்டர் தேவை. 10 மி.மீ. வரையுள்ள எந்த உருண்டைத் தண்டு பிட்டையும் இது பிடிக்கும். பதிலுக்குத் தலையின் உயரம் கூடுகிறது. அந்த உயரத்தைப் பிட்டில் மிச்சம் பிடிக்கலாம். கடையில் சாதாரணமாகக் கிடைக்கும் 4 மி.மீ. டிரில் பிட்டின் மொத்த நீளம் 75 மி.மீ. 'ஸ்டப்' எனப்படும் குட்டை வகையில் அதே 4 மி.மீ. பிட் 55 மி.மீ. தான். 6 மி.மீ. பிட்டில் இது 93, 66 என்று இருக்கும். குட்டை பிட் வளையாது, உடைவதும் குறைவு. அடாப்டர் வாங்குபவர்கள் இதைக் கவனிக்காமல் தலையின் உயரத்தை மட்டும் பார்க்கிறார்கள். உண்மையில் தேவைப்படும் இடம் என்பது தலையின் உயரமும் பிட் வெளியே நிற்கும் நீளமும் சேர்ந்தது.

விமானத் தொழிற்சாலைகள் இந்த மிச்சத்தைக் கடைசி மில்லிமீட்டர் வரை கொண்டுபோயிருக்கின்றன. இறக்கையின் உள்ளறைகளில், விலா எலும்புகளைப் போல நிற்கும் சட்டங்களுக்கு நடுவே, ரிவெட்டுகளுக்கான சிறு துளைகளை அலுமினியத்தில் போட வேண்டும். அங்கே பயன்படும் கோண டிரில்களில் பலவற்றில் சக்கே கிடையாது. பிட்டின் அடியிலேயே மரை வெட்டி, அதைச் சுழல்தண்டுக்குள் திருகிவிடுகிறார்கள். கால் அங்குல விட்டம், அங்குலத்துக்கு 28 மரை என்பது அங்கே பழகிய அளவு. துளையிடும்போது எழும் எதிர்முறுக்கு அந்த மரையை மேலும் இறுக்கிவிடுவதால் பிட் கழன்று விழுவதில்லை. துளை சிறியது, உலோகம் மென்மையானது, முறுக்குவிசை குறைவு. அதனால் அவ்வளவு தாழ்வான தலை அங்கே தாக்குப்பிடிக்கிறது. அதே தலையைத் தேக்குச் சட்டத்தில் பயன்படுத்த முடியாது.

சில நிறுவனங்கள் தலையையே கழற்றி மாற்றும் டிரில்களைச் செய்கின்றன. பாஷ் நிறுவனத்தின் 12 வோல்ட் ஃபிளெக்ஸிகிளிக் வகையில் சாதாரண சக், அறுகோண வாய், கோணத் தலை, விலகு தலை என்று நான்கை மாற்றிக்கொள்ளலாம். மில்வாக்கி, ஃபெஸ்டூல் நிறுவனங்களிடமும் இதே போன்றவை உண்டு. தலை மெஷினின் உடம்போடு பூட்டிக்கொள்வதால் தனியாகச் சுழலாது. சக்குக்குள் இன்னொரு தண்டைக் கவ்வ வைக்கும் நீளமும் மிச்சம். ஆனால் இந்தத் தலைகள் அந்தந்த மெஷினுக்கு மட்டுமே பொருந்தும். கையில் இருக்கும் டிரில் வேறென்றால் இவற்றை வாங்கிப் பயனில்லை.

மேலே சொன்ன விலகு தலை தனிக் கவனம் பெற வேண்டியது. ஆழம் போதுமானதாக இருந்தும், சுவரை ஒட்டிய மூலையில் துளை போட முடியாமல் போவதுண்டு. டிரில்லின் உடம்பே தடிமனாக இருப்பதால் துளையின் மையத்தைச் சுவரிலிருந்து சில சென்டிமீட்டருக்குள் கொண்டுபோக முடியாது. விலகு தலை சுழல்தண்டை உடம்பின் விளிம்பை நோக்கி நகர்த்தித் தருகிறது. ஆழம் இல்லாத இடத்துக்குச் செங்கோணத் தலை, மூலையை ஒட்டிய இடத்துக்கு விலகு தலை என்று தெரிந்துகொண்டால் தவறான கருவியை வாங்க நேராது.

சரிவாகத் துளைத்தால் என்ன ஆகும்?

வட அமெரிக்க வீடுகளின் சுவர்கள் பெரும்பாலும் மரச் சட்டங்களால் ஆனவை. 38 மி.மீ. தடிமனும் 89 மி.மீ. அகலமும் கொண்ட செங்குத்துச் சட்டங்கள், மையத்துக்கு மையம் 16 அங்குல இடைவெளியில் நிற்கும். இரண்டு சட்டங்களுக்கு நடுவே மிஞ்சும் இடம் 368 மி.மீ. எலக்ட்ரீஷியன் அந்த இடைவெளிக்குள் டிரில்லை வைத்து, ஒவ்வொரு சட்டத்தையும் குறுக்கே துளைத்து ஒயரை இழுத்துச் செல்ல வேண்டும். செங்கோண டிரில் அங்கே அன்றாடக் கருவியானது இதனால்தான்.

நேர் டிரில்லை 30 டிகிரி சாய்த்துத் துளைத்தால் என்ன நடக்கும் என்று கணக்கிட்டுப் பார்க்கலாம். 38 மி.மீ. தடிமனைக் கடப்பதற்குள் துளை சுமார் 22 மி.மீ. விலகிப் போகும். 19 மி.மீ. துளையைச் சட்டத்தின் நடுவில் நேராகப் போட்டால் அதன் ஓரத்துக்கும் சட்டத்தின் விளிம்புக்கும் இடையே 35 மி.மீ. மரம் இருக்கும். அமெரிக்க மின்சார விதிகள் கேட்பது 32 மி.மீ. சரிவாகப் போட்டால் வெளியேறும் பக்கத்தில் மிஞ்சுவது 12 மி.மீ. தான். அந்தச் சுவரில் அரை அங்குல ஜிப்சம் பலகையை 32 மி.மீ. ஸ்க்ரூவால் பொருத்தும்போது ஸ்க்ரூ சட்டத்துக்குள் 19 மி.மீ. இறங்கும். அது மின்கம்பியைத் தொட்டுவிடும் தூரம். அவ்வளவு நெருக்கமாகத் துளை விழுந்தால் குறுக்கே எஃகுத் தகடு அடிக்க வேண்டும் என்று விதி சொல்வது இந்த ஆபத்தினால்.

நம் ஊர்ச் சுவர்கள் செங்கல்லும் கான்கிரீட்டும் ஆனவை. அங்கே இந்த அடாப்டருக்கு வேலை குறைவு. கான்கிரீட்டைத் துளைப்பது சுழற்சி மட்டுமில்லை, பிட்டின் முதுகில் விழும் அடிகளும்தான். டிரில்லின் ஹாமர் அமைப்பு தரும் அடி நேர்கோட்டில் போகக்கூடியது. பெவல் கியரில் அது மூலை திரும்பாது. பிட்டை எட்ட வேண்டிய அடி கியரின் பற்களிலும் பேரிங்கிலும் விழுந்து அவற்றைச் சிதைக்கும். எனவே சாதாரண அடாப்டரை மாட்டிக்கொண்டு ஹாமர் குறியில் ஓட்டக்கூடாது. மரம், பிளைவுட், ஜிப்சம், மெல்லிய உலோகம் ஆகியவைதான் இதன் களம். நம் வீடுகளில் கப்போர்டு, பரணின் கதவு, கட்டிலின் உட்சட்டம், ஏ.சி. மெஷினின் தகட்டுப் பெட்டி போன்ற இடங்களில் இது கைகொடுக்கும்.

இம்பாக்ட் டிரைவர் வைத்திருப்பவர்களுக்கு இன்னொரு எச்சரிக்கை. அந்த மெஷின் முறுக்கைச் சீராகத் தராமல், நிமிடத்துக்கு ஆயிரக்கணக்கான சுழல் அடிகளாகத் தருகிறது. ஒவ்வொரு அடியிலும் முறுக்கு உச்சத்துக்குத் தாவுகிறது. சாதாரண அடாப்டரின் பற்கள் அதைத் தாங்காது. 'இம்பாக்ட் ரேட்டட்' என்று பெட்டியில் தெளிவாக எழுதியிருந்தால் மட்டுமே அதில் மாட்டலாம்.

பிடிக்கும் கைக்கு ஒரு பாடம்

பெவல் கியர் சுழற்சியைத் திருப்பும்போது அதன் கூடும் முறுக்கப்படுகிறது. பிட் மரத்தில் சிக்கிக்கொண்டால், டிரில்லின் சுழற்சி அடாப்டரின் தலையையே டிரில்லின் அச்சைச் சுற்றி இழுத்துப் புரட்டப் பார்க்கும். ஆகவே சக்கில் தண்டை மாட்டிவிட்டு டிரில்லை மட்டும் பிடித்தால் போதாது. இன்னொரு கை அடாப்டரின் கழுத்தையோ பக்கப் பிடியையோ உறுதியாகப் பிடித்திருக்க வேண்டும். சுழலாமல் பிடித்துக்கொள்ளும் பிடி இல்லாத அடாப்டரை, மற்ற எல்லாம் சரியாக இருந்தாலும், வாங்காமல் விடுவதே நல்லது.

இரண்டாவது எதிர்விசை பிட்டின் அச்சைச் சுற்றி எழுகிறது. பிட் வலமாகச் சுற்றும்போது, மெஷினின் நீண்ட உடம்பு இடமாக வீச முயலும். 30 நியூட்டன் மீட்டரில் பிட் சிக்கினால், 20 செ.மீ. தள்ளிப் பிடித்திருக்கும் கையில் 150 நியூட்டன், அதாவது 15 கிலோவுக்குச் சமமான இழுப்பு திடீரென வரும். திறந்த வெளியில் அதைச் சமாளித்துவிடலாம். குறுகிய இடத்தில் விரல்கள் மெஷினுக்கும் சட்டத்துக்கும் நடுவே நசுங்கும். அனுபவமுள்ள பிளம்பர்கள் சுவிட்சைத் தொடும் முன்பே மெஷினின் உடம்பை, அது வீசப்போகும் பக்கத்துச் சட்டத்தின் மேல் சாய்த்து வைத்துவிடுவார்கள். வீச இடமில்லாத மெஷின் யாரையும் அடிக்காது.

அழுத்துவதிலும் கவனம் தேவை. டிரில்லின் பிடியைப் பிடித்துத் தள்ளினால் விசை பிட்டுக்குப் போகாமல் தலையைச் சாய்க்கும். பிட்டின் நேர் பின்னால், தலையின் முதுகில் உள்ளங்கையை வைத்துத் தள்ள வேண்டும். அந்த அழுத்தம் முழுவதையும் சுழல்தண்டின் பின்புறம் உள்ள தாங்கி சுமக்கிறது. நல்ல அடாப்டரில் அது பால் பேரிங். மலிவானதில் வெறும் புஷ். கடையிலேயே இதைச் சோதிக்கலாம். வாயில் ஒரு பிட்டை மாட்டி, முன்னும் பின்னும் பக்கவாட்டிலும் அசைத்துப் பார்த்தால் தளர்வு தெரியும். தண்டைக் கையால் சுற்றினால், கரகரப்பு இல்லாமல் ஒரே சீராகச் சுற்ற வேண்டும்.

குறுகிய இடத்தில் போதிய அழுத்தம் கொடுக்க முடியாது என்பதால் ஸ்க்ரூவின் தலையையும் யோசித்துத் தேர்ந்தெடுப்பது பலன் தரும். ஸ்டார் வாயில் பள்ளத்தின் சுவர்கள் சரிவாக இருப்பதால் முறுக்கு கூடும்போது பிட் மேலே ஏறி நழுவும். 1967இல் வந்த டார்க்ஸ் வகையின் ஆறு முனைப் பள்ளத்தில் சுவர்கள் செங்குத்தாக இருப்பதால் குறைந்த அழுத்தத்திலும் பிட் நின்று கவ்வும்.

பல்லும் பல்லும் உரசும்போது திறனில் சில சதவீதம் வெப்பமாகப் போய்விடும். அதைக் குறைக்க உள்ளே கிரீஸ் இருக்கிறது. தொடர்ந்து ஓட்டித் தலை கை பொறுக்காத சூட்டை எட்டினால் கிரீஸ் இளகி வெளியே கசியும். அதற்குப் பின் தேய்மானம் விரைவாகிவிடும். சூடு ஆறும் வரை நிறுத்துவதும், உச்ச வேகத்தைத் தாண்டாமல் ஓட்டுவதும் அவசியம். அந்த உச்ச வேகமும் பெட்டியில் அச்சிடப்பட்டிருக்கும்.

எதை வாங்கலாம்?

வீட்டில் எப்போதாவது கப்போர்டு ஸ்க்ரூ முடுக்குபவருக்கு, உச்ச முறுக்குவிசை குறிப்பிடப்பட்ட, சுழலாத கைப்பிடியுள்ள அறுகோண வாய் அடாப்டர் போதும். உலோகத்திலும் மரத்திலும் 10 மி.மீ. வரை துளை போடுபவர் சக் பொருத்தியதையும் குட்டை பிட்டுகளையும் வாங்கலாம். தினமும் இதே வேலையாக இருப்பவருக்கு எந்த அடாப்டரும் சிக்கனமாகாது. பல் தேய்ந்து இரண்டாவது, மூன்றாவது என்று வாங்குவதைவிட, கியரும் மோட்டாரும் ஒன்றுக்கொன்று பொருந்தும்படி வடிவமைத்த தனிச் செங்கோண டிரில்லே மேல். மகிட்டாவின் 450 வாட் டிஏ3010எஃப் அத்தகைய ஒன்று, 10 மி.மீ. சக்கோடு வருகிறது. குழாய் போகும் அளவுக்குப் பெரிய துளைகளை மரத்தில் போட வேண்டியவர் அதையும் தாண்டி, அரை அங்குல சக்கும் குறைந்த வேகமும் கொண்ட பெரிய மெஷினுக்குத்தான் போக வேண்டும்.

கடைக்குப் போகும் முன் வேலை நடக்கும் இடத்தை டேப்பால் அளந்து, ஆழத்தையும் சுவரிலிருந்து உள்ள தூரத்தையும் எழுதிக்கொள்ளுங்கள். கையிலிருக்கும் டிரில்லின் உச்ச முறுக்குவிசையையும் பக்கத்தில் குறித்துக்கொள்ளுங்கள். அடாப்டரின் பெட்டியில் உள்ள எண்களை இந்த மூன்றோடும் ஒப்பிட்டுப் பார்த்த பிறகு விலையைக் கேளுங்கள்.